முக்கால் மணி நேர வகுப்பில் உங்கள் பிள்ளைக்கு எத்தனை நிமிடம்?

சென்ற ஆண்டு ஒரு தாய் பளபளப்பான நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகனுக்கு இருபது மாதம். வீட்டில் ஒரு மொழி. இன்னொன்றும் அவன் நாவில் வர வேண்டும் என்று ஆசை. வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம், பாட்டும் விளையாட்டுமாக இரண்டாம் மொழி வகுப்பு. மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினால்தான் இடமாம். "கட்டிடலாமா?" என்றார். குழந்தைகளின் பேச்சும் மொழியும்தான் என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: பிள்ளைகள் எத்தனை பேர், அந்த மொழியில் பேசுகிறவர் எத்தனை பேர்?

பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே ஆசிரியை. நோட்டீசின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். 45 நிமிடத்தைப் பன்னிரண்டு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு நான்கு நிமிடம்கூடத் தேறவில்லை. அதிலும் வரவேற்புப் பாட்டு, அழுகிற பிள்ளையைத் தேற்றுவது, பொம்மைக்கு நடக்கும் சண்டையை விலக்குவது, கடைசியில் டாட்டா காட்டுவது எல்லாம் போக வேண்டும்.

சேர்ந்து பாடுவதில் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வயதில் ஒரு சொல் நன்றாக ஒட்டிக்கொள்ளும் நேரம் வேறு. பிள்ளை கையில் பந்தை வைத்து உருட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் இருப்பவர் அதே பந்தைப் பற்றிப் பேசுவார். அந்த நிமிடங்களுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். கட்டணத்தை வகுப்புகளின் எண்ணிக்கையால் வகுக்காமல் அந்த நிமிடங்களால் வகுத்துப் பாருங்கள். எது மலிவு, எது அநியாய விலை என்பது பல நேரம் தலைகீழாக மாறிவிடும்.

ஆளில்லாமல் திரையை வைத்தே இதைச் செய்ய முடியாதா என்று கேட்பார்கள். 2003-இல் பேட்ரிஷியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல பதில். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளை மாண்டரின் சீனம் பேசுகிறவர்களோடு விளையாட விட்டார்கள். பன்னிரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 25 நிமிடம். கூட்டினால் ஐந்து மணி நேரம். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டைக் கண்டுகொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் அல்லது ஒலிப்பதிவில் என்றானபோது குழந்தைகளிடம் எதுவும் ஏறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதலும் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு "ஆன்லைன் பேட்ச்" என்று யாராவது விற்றால் அந்தக் காசு மிச்சம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரங்களில் இன்னொரு பயமுறுத்தல் உண்டு: இப்போது விட்டால் மூளையின் கதவு மூடிவிடும். இதன் வேர் ஓர் உண்மையான ஆய்வில் இருக்கிறது. த, ட இரண்டும் வேறு வேறு ஒலி என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இந்தியிலும் அந்த வேறுபாடு உண்டு. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்தவருக்கோ இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் காட்டியது இது: ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் அந்த இந்தி ஒலிகளைப் பிரித்துக் கேட்டன, பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தக் கூர்மை பெரிதும் மங்கிவிட்டது. மங்கியதுதான், மூடவில்லை. மங்கத் தொடங்கும் வயதில் ஐந்து மணி நேரப் பழக்கமே காதைத் திறந்து வைத்தது என்பதுதானே கூலின் சோதனை? ஐந்து வயதில் புது ஊருக்குப் போய் ஒரே வருடத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள்போலப் பேசுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவசரப்பட்டு மூன்று மாதப் பணத்தைக் கட்ட இது காரணம் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. இதைக் கேட்டு முகம் வாடாதவர்கள் குறைவு. ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை பிள்ளைகள் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். விழித்திருப்பது ஏறக்குறைய 11 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 77 மணி நேரம். வகுப்பு அதில் முக்கால் மணி, அதாவது நூற்றில் ஒரு பங்கு. எவ்வளவு அருமையான வகுப்பானாலும் அந்த ஒரு பங்கை வைத்து ஒரு மொழி வந்துவிடாது. அங்கே கேட்டது வீட்டுக்கு வந்து, குளியலறையிலும் தூங்கப் போகும்போதும் திரும்ப ஒலித்தால்தான் அது வளரும்.

அதனால் பெற்றோரை வெளியே உட்காரவைக்கும் வகுப்பு எனக்குப் பிடிக்காது. நீங்களும் தரையில் உட்கார்ந்து அந்த ஐந்தாறு பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும். "எனக்கே அந்த மொழி தெரியாதே, உச்சரிப்பு கெட்டுவிடாதா?" என்று தயங்குவார்கள். பிள்ளை அந்த மொழியைச் சரளமாகப் பேசுகிறவரிடமும் கேட்கத்தானே போகிறது? உங்கள் தப்புத்தப்பான பாட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அப்புறம், ஒவ்வொரு வாரமும் புதுப்புதுத் தலைப்பு வைக்கும் வகுப்புகள். இந்த வாரம் கடல், அடுத்த வாரம் விண்வெளி. நோட்டீசில் பார்க்க ஜோராக இருக்கும். ஜெசிகா ஹார்ஸ்டும் உடன் ஆய்ந்தவர்களும் 2011-இல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் படித்துக் காட்டிப் பார்த்தார்கள். ஒரு சாராருக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப. மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகள். புதுச் சொற்கள் இரு தரப்பின் காதிலும் விழுந்தது ஒரே எண்ணிக்கையில்தான். ஒரே கதையைக் கேட்ட பிள்ளைகளிடம்தான் சொற்கள் தங்கின. திரும்பக் கேட்பதில் பிள்ளைக்குச் சலிப்பே வராது. சலிப்பு நமக்குத்தான்.

வேலை நிமித்தம் நான் இப்படிப்பட்ட இடங்களின் மூலையில் போய் உட்காருவது உண்டு. இரண்டு அறைகளை மறக்க முடியாது. முதலாவதில் சுவரெல்லாம் வண்ணம், மெத்தைத் தரை, வரிசையாகச் சின்ன நாற்காலிகள். ஆசிரியை படஅட்டைகளைக் காட்டி "இது என்ன? சொல்லு!" என்று கேட்டுக்கொண்டே போகிறார். இரண்டு வயதுப் பெண் ஒன்று குனிந்து, ஆசிரியையின் ஷூ லேஸை மிகுந்த கவனத்தோடு பிரித்துக்கொண்டிருந்தது. ஆசிரியை அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு அடுத்த அட்டையைக் காட்டினார். அட்டையில் இருந்தது ஷூ.

இன்னொன்று ஒரு பழைய பொது மண்டபம். ஒரு பக்கம் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் அகலமான தொட்டியில் நான்கு விரற்கடைத் தண்ணீர், மூன்று பிளாஸ்டிக் குவளைகள், பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த வயதான ஓர் அம்மாள். ஒரு பையன் குவளையை மொண்டு இன்னொன்றில் ஊற்றுகிறான். அந்த அம்மாள் அந்த மொழியில், "ஊற்று, ஊற்று... நிரம்பிவிட்டது... ஐயோ வழியுது!" என்கிறார். அவன் சிரிக்கிறான், மறுபடி மொள்ளுகிறான், அவர் மறுபடி அதையேதான் சொல்கிறார். நான்காவது தடவை ஊற்றுவதற்கு முன் நிறுத்தி அவர் வாயையே பார்த்தான். அவரும் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். பையனும் சொல்லவில்லை, முழுக் குவளையையும் அவர் மடியில் கவிழ்த்தான். "வழியுது!" என்றார் அவர். மண்டப வாடகைக்காக வாசலில் ஒரு டப்பா இருந்தது, முடிந்ததைப் போடலாம். வேறு கட்டணம் கிடையாது.

விலை கூடிய இடமெல்லாம் முதல் அறையைப் போல என்றோ, இலவசமெல்லாம் இரண்டாவதைப் போல என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். இலவசக் குழுக்களில் பெரியவர்கள் ஒரு மூலையில் அரட்டையும் பிள்ளைகள் இன்னொரு மூலையில் ரகளையுமாக, அந்த இரண்டாம் மொழி காதிலேயே விழாமல் போவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு முறை போய் உட்கார்ந்து பார்க்காமல் எங்கேயும் பணம் கட்டாதீர்கள். ஆசிரியை பிள்ளையைப் பின்தொடர்கிறாரா, பிள்ளை தன்னைப் பின்தொடர வேண்டும் என்று எதிர்பார்க்கிறாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்க்க அனுமதிக்காத இடம் உங்களுக்கு வேண்டாம்.

சரி, குறைந்த செலவில் எங்கே தேடுவது? முதலில் பொது நூலகம். சின்னப் பிள்ளைகளுக்குக் கதைநேரம் நடத்தும் நூலகங்கள் பல, பெரும்பாலும் இலவசம். உங்களுக்கு வேண்டிய மொழியில் இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள். கேட்டால் ஏற்பாடு செய்கிறவர்கள் உண்டு. அடுத்தது அந்த மொழி பேசுகிறவர்களின் சங்கங்கள். அதற்கும் அடுத்தது பலர் யோசிக்காத வழி: மொழி வகுப்பைத் தேடாமல், அந்த மொழி பேசுகிறவர் நடத்தும் நீச்சல், குட்டிக்கரணம், தாளம் தட்டும் வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். "குதி", "பிடி", "மேலே", "இன்னொரு தரம்" எல்லாம் உடம்போடு சேர்ந்து வரும். எப்படியும் விளையாட்டுக்குக் கொடுக்கும் காசில் மொழி கொசுறு.

தனியார் வகுப்புதான் என்றால் பேரம் பேசக் கூச்சப்படாதீர்கள். வந்த நாளுக்கு மட்டும் பணம் உண்டா, காய்ச்சலில் தவறிய வகுப்புக்கு ஈடு உண்டா, பாதியில் நின்றால் மீதி திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். இந்த வயதில் சளியும் காய்ச்சலும் எத்தனை வாரத்தை விழுங்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். கூட்டம் குறைந்த நேரத்து வகுப்புக்குக் குறைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டமளிப்பு, சான்றிதழ், சீருடை என்று தனியாக வசூலித்தால் நமஸ்காரம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு வயதுக்கு என்ன சான்றிதழ்?

ஒன்றுமே அமையவில்லையா, நீங்களே தொடங்கலாம். பிளே குரூப் என்ற ஏற்பாடே அப்படிப் பரவியதுதான். பிரிட்டனில் நர்சரி இடம் கிடைக்காமல் தானே ஒரு குழுவை ஆரம்பித்த பெல் டுட்டாயேவ் என்ற தாய் 1961-இல் கார்டியன் நாளிதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து அங்கே ஓர் இயக்கமே கிளம்பியது. நியூசிலாந்தில் மாவோரி மொழி இளையவர்களிடம் மங்கிக்கொண்டிருந்தபோது 1982-இல் 'கோஹங்கா ரேயோ', அதாவது மொழிக் கூடு என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே முக்கியமான உபகரணம் மொழி தெரிந்த பாட்டி தாத்தாக்கள்தான். சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கணக்கான கூடுகள் வந்துவிட்டன.

நான்கு குடும்பம் போதும். வாரம் ஒரே நாள், ஒரே இடம், ஒரே ஆரம்பப் பாட்டு. அந்த மொழியில் மட்டுமே பேசுகிற ஒருவர் கட்டாயம் வேண்டும். பிள்ளைகளோடு தரையில் உட்காரப் பொறுமை இருந்தால் போதும், ஆசிரியர் பயிற்சி அவசியமில்லை. வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சின்னப் பொருள் எதுவும் அறையில் இருக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டி வைத்தால் ஒரு பெரியவர் கை நீட்டும் தூரத்தை விட்டு நகரவே கூடாது. விளையாடி முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு யாரும் கடைக்குப் போகவும் கூடாது. இதுபோன்ற குழுக்கள் மொழிப் பிரச்சினையால் கலைந்து நான் பார்த்ததில்லை. சாவி யாரிடம், பொம்மைகளை யார் கழுவுவது என்ற சண்டையில்தான் கலைகின்றன. அதை முதல் வாரமே எழுதி ஒட்டிவிடுங்கள்.

சேர்த்த பிறகு பலர் என்னிடம் ஓடி வருவது, "மூன்று மாசமாச்சு, ஒரு வார்த்தை பேசவில்லை" என்று. புது மொழி கேட்கிற பிள்ளை பல வாரம் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் இரண்டு மொழியையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும். இரண்டும் இயல்பு. இரண்டு மொழிப் பிள்ளையின் சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒன்றை மட்டும் எண்ணிவிட்டுத் தாமதம் என்று முத்திரை குத்தக் கூடாது.

ஆனால் இரண்டு வயதாகியும் எல்லா மொழியையும் சேர்த்து ஐம்பது சொல்கூட இல்லை, இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வந்த சொற்கள் போய்விட்டன என்றால், "இரண்டு மொழியால் குழம்பிவிட்டது" என்று காத்திருக்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தத் தாமதம் வருவதில்லை. முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். நடுச்செவியில் நீர் கோத்த பிள்ளைக்கு எந்த வகுப்பில் எந்த மொழி பேசினாலும் தண்ணீருக்கடியில் கேட்பதுபோலத்தான் கேட்கும்.

நோட்டீஸ் கொண்டுவந்த தாய் அந்த மண்டபத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார். சில வாரம் கழித்துப் பேசியபோது, மகன் குளிக்கும்போது ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே இருக்கிறான், தனக்குப் பொருள் தெரியவில்லை, அந்த அம்மாளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். 'வழியுது'தான். இப்போது பொம்மைக்கூடை கவிழ்ந்தாலும் அதே சொல்தானாம்.