விசில் வாயில் இருக்கக் கூடாது

போன மாதம் புதுச்சேரியிலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடிக் கடலூருக்கு வந்தார். கல்லூரி கால்பந்து டீமில் ஆடியவர். முட்டியில் அடிபட்டதும், சரி, இனி நடுவராகிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். கறுப்பு ஜெர்சி, இரண்டு கார்டு, புது விசில் எல்லாம் வாங்கியாயிற்று. “எப்ப சார் மேட்ச் குடுப்பீங்க?” என்று கேட்டுவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

“முதல்ல அதைக் கையில எடுங்க தம்பி” என்றேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

நான் நடுவராக இறங்கிய புதிதில், கடற்கரை கிராமம் ஒன்றில் டோர்னமென்ட். மணல் கிரவுண்டு. சுண்ணாம்புக் கோட்டில் பாதி காற்றோடு போயிருந்தது. பெனால்டி ஏரியாவுக்கு ஓரடி வெளியே ஃபார்வர்டின் காலை வாரிவிட்டார்கள். விசில் பல்லிடுக்கில் இருந்ததால் கண் பார்த்ததும் ஊதிவிட்டேன். அதற்குள் பந்து உருண்டு, பின்னால் ஓடிவந்த பையனிடம் போனது. ஒரே தட்டு, வலைக்குள். ஆனால் விசில் அடித்த கணமே ஆட்டம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் பந்து எங்கே போனாலும் கணக்கில் வராது. கோல் இல்லை, ஃப்ரீ கிக் என்றேன். அதை அவர்கள் கம்பத்துக்கு மேலே அடித்தார்கள். 1-0 என்று தோற்றும் போனார்கள். “அடிபட்டதும் எங்க ஆளு, கோல் போனதும் எங்களுக்கா ரெஃப்ரி சார்?” என்று அவர்களுடைய கேப்டன் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

விசில் கையில் இருந்தால் அது வாய்க்குப் போக ஒரு நொடி பிடிக்கும். அந்த ஒரு நொடிதான் நமக்கு வேண்டும். ஃபவுல் வாங்கிய அணிக்கே பந்து சாதகமாகப் போகிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். போனால் கையை முன்னால் நீட்டி ‘ஆடுங்க’ என்று காட்டலாம். எதிர்பார்த்த சாதகம் சில நொடிகளில் கிடைக்காவிட்டால் பழைய ஃபவுலுக்கே திரும்பி வந்து ஃப்ரீ கிக் கொடுக்கவும் விதியில் இடம் உண்டு. ஊதாத விசிலை அப்புறமும் ஊதலாம். ஊதியதைத் திரும்ப வாங்க வழியில்லை.

புதிதாக வருபவர்களை முதலில் கோட்டோரம் உதவி நடுவராகக் கொடி பிடிக்கத்தான் அனுப்புவேன். பலருக்கு முகம் சுருங்கிவிடும். ஆனால் ஆட்டத்தைப் படிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. தடுக்கும் அணியில் கோலியையும் சேர்த்து எண்ணி, கடைசிக்கு முந்தைய ஆளின் நேர்கோட்டில் நிற்க வேண்டும். பந்து அவரையும் தாண்டிப் போனால் பந்தின் கோட்டில். ஆஃப்சைடு, அதாவது பாஸ் வருமுன்பே ஃபார்வர்டு அந்தக் கோட்டைத் தாண்டி கோல் பக்கம் நிற்கிறாரா என்று பார்ப்பது, பந்து வந்து சேரும்போது அல்ல, பாஸ் கொடுப்பவர் பந்தைத் தொடும் கணத்தில். கண் இந்தக் கோட்டிலும் அந்தக் காலிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாதே? அதனால் கோட்டைக் கண்ணால் பார், உதையைக் காதால் கேள் என்பார்கள். தேவனாம்பட்டினம் பக்கம் சாயங்காலக் கடல்காற்றில் அதுவும் கேட்காது என்பது வேறு கதை. த்ரோ, கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேராகப் பந்து வாங்கினால் ஆஃப்சைடு இல்லை. கோல் கிக்குக்கும் இல்லை என்றால் பல வருடம் ஆடியவர்களே சண்டைக்கு வருகிறார்கள்.

இன்னொன்று, யாருக்கு அட்டை காட்டினோம் என்று குறித்து வைக்கும் சட்டைப்பை நோட்டு. உலகக் கோப்பையிலேயே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2006-இல் குரோஷியா – ஆஸ்திரேலியா ஆட்டத்தில் இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போல், இரண்டாவது மஞ்சளிலேயே சிவப்பு காட்டி வெளியேற்றியிருக்க வேண்டிய குரோஷியாவின் சிமுனிச்சுக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டிய பிறகுதான் சிவப்பு காட்டினார். இரண்டாவது அட்டையை ஆஸ்திரேலியாவின் 3-ஆம் எண்ணில் எழுதிவிட்டார், சிமுனிச்சும் 3-தான். அதனால் எண்ணோடு டீமையும் எழுதுங்கள், எழுதிய பிறகு ஒரு தடவை ஆளை நிமிர்ந்து பாருங்கள். நம்மூர் வியர்வைக்குப் பேனா தாங்காது, பென்சில்தான். மஞ்சளும் சிவப்பும் வேறு வேறு பையில் இருக்கட்டும்.

சேரும் வழி பெரிய ரகசியமில்லை. கால்பந்துச் சங்கம் நடத்தும் நடுவர் வகுப்பு, எழுத்துத் தேர்வு, ஓட்டத் தேர்வு. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் என்றாலும் சங்கம் வேறு. அந்தத் தம்பி அங்கேதான் பதிய வேண்டும். மொத்தம் 17 விதிகள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெண்கள் எங்கே வரப்போகிறார்கள் என்று இழுப்பவர்களிடம் திண்டுக்கல் ரூபா தேவியைச் சொல்வேன். ஃபிஃபா நடுவர் பட்டியல் வரைக்கும் போனவர்.

முதல் வருடத்தோடு விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் விதி தெரியாமல் போவதில்லை. வெளியிலிருந்து வரும் பேச்சு தாங்காமல் போகிறார்கள். இதில் நான் கொஞ்சம் கறார். புது ஆளைத் தனியாக அனுப்ப மாட்டேன். அனுபவமுள்ள ஒருவர் கோட்டோரம் நிற்க வேண்டும். கூட்டத்துக்குப் பதில் சொல்லக் கூடாது. ஆட்டக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டினால் கேட்காத மாதிரி போகவும் கூடாது. அட்டையைக் காட்டிவிட்டு, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே அன்றைக்கே ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். ‘தகாத வார்த்தை’ என்று பூசி மெழுகினால் நடவடிக்கை எடுப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆட்டத்தில் தலையோடு தலை மோதினால் மட்டும் முன்னே சொன்ன அந்த ஒரு நொடிப் பொறுமை எல்லாம் வேண்டாம், உடனே விசில்.

அந்தத் தம்பி சங்கத்தில் பதிந்துவிட்டார். போன ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நட்பு ஆட்டத்தில் கொடி பிடித்தார். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஆடும்போது இவ்வளவு ஓடினதில்ல சார்” என்றார். விசில் பையில் இருந்தது.