பாக்ஸ் ஸ்கோர்: பெட்டியா, கணக்கா?

பேஸ்பால் ஆட்டம் நடந்த மறுநாள் அமெரிக்க நாளிதழ்களில் ஒரு சின்ன அட்டவணை வரும். வீரர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை ஓட்டம், எத்தனை ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஒரு தளத்தை, அதாவது ‘பேஸை’, சேர்வது) என்று எண்கள். அதற்குப் பெயர்தான் பாக்ஸ் ஸ்கோர். தமிழில் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. நம் நாளிதழ்கள் கிரிக்கெட்டுக்குப் போடும் ‘ஸ்கோர்போர்டு’ இதற்கு நெருங்கிய சொந்தம்.

‘ஸ்கோர்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். வெட்டு, கீறல் என்று பொருள். குச்சியில் வெட்டு போட்டு எண்ணிய பழக்கத்தால் அது கணக்குக்கும் பெயரானது. கிரிக்கெட்டின் தொடக்க காலத்தில் ஓட்டத்தையே ‘வெட்டு’ என்ற பொருள்பட ‘நாட்ச்’ என்றுதான் சொன்னார்கள்.

குழப்பம் ‘பாக்ஸ்’ஸில்தான். மட்டைக்காரர் நிற்கும் இடமும் பேஸ்பாலில் பாக்ஸ். பந்தெறிபவர் நின்ற இடமும் ஒரு காலத்தில் பாக்ஸ். ஆனால் பாக்ஸ் ஸ்கோரில் வரும் பாக்ஸ் மைதானத்தைச் சேர்ந்ததல்ல, அச்சகத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் கோடு போட்டுப் பிரித்த பகுதி. நம் பத்திரிகைக்காரர்கள் ‘கட்டம் கட்டிப் போடு’ என்பார்களே, அதேதான். இந்தப் பெயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அச்சில் தென்படுகிறது. அட்டவணை அதைவிட அரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தது.

அதை வளர்த்துப் பரப்பியவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் பிறந்து, சிறுவயதில் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்து, கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். ஆரம்பகால அட்டவணைகளில் கிரிக்கெட்டின் சாயல் நன்றாகவே தெரியும்: ஒவ்வொரு வீரருக்கும் இரண்டே எண்கள், எத்தனை முறை அவுட், எத்தனை ஓட்டம். மட்டைக்காரர் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆகும் ஸ்ட்ரைக்-அவுட்டுக்கு ‘கே’ (K) என்று குறிப்பதும் சாட்விக் கொடுத்ததுதான். ‘ஸ்ட்ரக்’ என்ற சொல்லின் கடைசி எழுத்து அது.

ஓர் உதாரணம் பார்ப்போம். முதல் தொழில்முறை பேஸ்பால் லீகின் முதல் ஆட்டம் 1871 மே 4 அன்று இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேன் நகரில் நடந்தது. உள்ளூர் கெக்கியோங்கா அணி கிளீவ்லாந்தின் ஃபாரஸ்ட் சிட்டி அணியை 2-0 என்று வென்றது. இருபது, முப்பது ஓட்டங்கள் சர்வசாதாரணமாக விழுந்த காலத்தில் இது அபூர்வமான முடிவு. காரணம் கெக்கியோங்காவின் பந்தெறியாளர் பாபி மேத்யூஸ். முதல் ஹிட் கிளீவ்லாந்தின் டீக்கன் ஒயிட்டுக்கு, அதுவும் ஒரே அடியில் இரண்டாம் தளம் வரை சேர்ந்த டபுள். ஆனால் ஓட்டத்துக்கான பத்தியில் அந்த அணிக்கு மேலிருந்து கீழ்வரை பூஜ்யம்தான். முதல் ஓட்டம் ஃபோர்ட் வேனின் பில் லெனானுடையது. அவரும் டபுள் அடித்தார். ஜோ மெக்டெர்மட்டின் அடியில் ‘ஹோம்’ தளத்துக்குத் திரும்பி ஓட்டம் எடுத்தார். ஆட்டத்தைப் பார்க்காதவர்கூட இந்த எண்களை வைத்தே ஆட்டத்தை மனதில் ஓட்டிப் பார்க்கலாம்.

இன்னொரு சங்கதி: பாக்ஸ் ஸ்கோர் நேராக வேண்டும். ஓர் அணியினர் மட்டை பிடிக்க வந்த மொத்தத் தடவைகள் ஒரு பக்கம். அவர்கள் எடுத்த ஓட்டம், இன்னிங்ஸ் முடிந்தபோது தளங்களில் தங்கிப்போனவர்கள், எதிரணி வெளியேற்றியவர்கள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை மறுபக்கம். இரண்டும் சமமாக வராவிட்டால் எழுதியவர் எங்கோ தப்பு செய்திருக்கிறார். பேரேட்டில் வரவும் செலவும் ஒத்துவருவது போலத்தான்.

அதனால் ‘பெட்டி ஸ்கோர்’, ‘பெட்டிப் புள்ளி’ என்ற சொல்லுக்குச் சொல் ஆக்கங்கள் எனக்கு ஒப்பவில்லை. பெட்டி வெறும் வேலி. உள்ளே இருப்பது கணக்கு. ‘புள்ளி அட்டை’ என்பதை, ஆட்டம் நடக்கும்போதே ஒவ்வொரு நிகழ்வையும் குறிக்கும் ஸ்கோர்கார்டுக்கு விட்டுவிடலாம். பாக்ஸ் ஸ்கோருக்கு ‘ஆட்டக்கணக்கு’ போதும். வடிவத்தையும் சுட்டவேண்டிய இடத்தில் ‘ஆட்டக்கணக்குக் கட்டம்’. அதற்குக் கீழே இன்னிங்ஸ் வாரியாக ஓட்டங்களைக் காட்டும் லைன் ஸ்கோரை ‘இன்னிங்ஸ் வரி’ என்று எழுதலாம்.