சமம் தானே சார் வெட்டினேன்?

செஸ்ல ஒரே பாயிண்ட் இருக்கற காய்ங்கள மாத்தி மாத்தி வெட்டிக்கிட்டா சமம்னு பசங்க நினைக்கறாங்களே, இதப் பத்தி க்ளாஸ்ல கத்தி கத்தி அலுத்துப் போச்சு, போன வார டோர்னமெண்ட்லயும் அதே கதை, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

பையன் நல்ல பையன். டாக்டிக்ஸ் பசில் குடுத்தா மொபைல்ல பட் பட்டுன்னு போட்டுத் தள்ளுவான். கேம்ல அவனுக்கு ஈ5ங்கற கட்டத்துல ஒரு குதிரை, எந்த பானாலயும் (சிப்பாய்) விரட்ட முடியாது. எதிராளிக்கு டி7ல ஒரு பிஷப், சொந்த பான்களுக்குப் பின்னாடி போக வழியில்லாம உக்காந்திருக்கு. இவன் அந்தக் குதிரைய எடுத்து அந்த பிஷப்ப வெட்டிட்டான். அப்புறம் இவன்கிட்ட மிச்சம் இருந்தது இவனோட சொந்த மொக்கை பிஷப், அவன்கிட்ட ஜம்முன்னு ஒரு குதிரை. கொஞ்சம் கொஞ்சமா நசுங்கித் தோத்தான். ஏண்டா வெட்டினன்னு கேட்டா, "மூணுக்கு மூணு சமம் தானே சார்"ங்கறான். அவங்க அப்பா போன்ல என்ஜின, அதான் ஆட்டத்த அலசற செஸ் ப்ரோக்ராம, காட்டி "ஒரு ப்ளண்டர் (பெரிய தப்பு) கூட இல்ல சார், ஓப்பனிங் தான் வீக்கா இருக்கோ, ஏதாவது கோர்ஸ் வாங்கிக் குடுக்கவா"ன்னு கேக்கறார்.

வாங்காதீங்க. ப்ளீஸ்.

காய்களோட பாயிண்ட்: பான் 1, குதிரை 3, பிஷப் 3, ரூக் 5, குயின் 9. இந்தக் கணக்கு யாருக்குன்னா, நேத்து தான் காய் நகர்த்தக் கத்துக்கிட்ட குழந்தை குயினக் குடுத்து பானை வெட்டாம இருக்கறதுக்கு. அவ்வளவு தான் அதோட வேலை. ஆனா நம்ம புள்ளைங்க ரேட்டிங் (ஆட்டத் திறமைக்குக் குடுக்கற நம்பர்) 1500 தாண்டியும் இதையே கட்டிக்கிட்டு அழறாங்க. போர்ட விட்டு வெளிய போற காய்க்கு இவங்க பாயிண்ட் கூட்டுறாங்க, வெளிய போன காய் இனிமே ஆடவா போகுது? உள்ள மிச்சம் இருக்கறது தான் ஆடப் போகுது, அதப் பாருடா. வெட்டின பிறகு உன்கிட்ட என்ன நிக்குது, அவன்கிட்ட என்ன நிக்குது, எந்த ஃபைல் (மேல கீழ போற கட்ட வரிசை) யாருக்குத் திறக்குது, யாரோட பானுக்கு இப்போ காவல் இல்ல. மூணுக்கு மூணு எப்பவும் சமம்னா அப்புறம் இந்த கேம்ல யோசிக்கறதுக்கே ஒண்ணும் இல்லயே.

"அப்போ நல்ல குதிரையக் குடுத்து மோசமான பிஷப்ப வெட்டவே கூடாதா சார்"னு உடனே ஒரு கேள்வி வரும். வெட்டலாம். 1971ல பியூனஸ் அயர்ஸ்ல முன்னாள் உலக சாம்பியன் பெட்ரோசியனுக்கு எதிரா நடந்த மேட்ச்சோட ஏழாவது கேம்ல அமெரிக்காவோட பாபி ஃபிஷர் பண்ணது அச்சு அசல் இது தான். சி5ல அவரோட குதிரை ராஜா மாதிரி நிக்குது, அத எடுத்து டி7ல இருந்த மொக்கை பிஷப்ப வெட்டினார், பார்த்தவங்களுக்கே ஷாக். ஆனா அவர் மிச்சத்தப் பார்த்தார். அந்த பிஷப் பி5க்கு வந்து அவரோட நல்ல பிஷப்ப மாத்திக்கக் காத்துட்டு இருந்தது, அதுக்கு இடம் குடுக்கல. வெட்டினதும் சி ஃபைல் அவர் கைக்கு வந்துச்சு, அடுத்த ரெண்டே மூவ்ல ரூக் சி7ல போய் உக்காந்துச்சு, ஏ6, டி5 ரெண்டு பானும் வீக், அவரோட பிஷப் பெட்ரோசியனோட குதிரைய விட எவ்வளவோ மேல். 34 மூவ்ல கேம் க்ளோஸ். அதே குதிரை, அதே மொக்கை பிஷப், நம்ம பையன் தோத்தான், அவர் ஜெயிச்சார். ரூல மனப்பாடம் பண்ணிட்டு வராதீங்கன்னு நான் சொல்றது இதுக்குத் தான்.

வெட்டாம இருக்கறதும் ஒரு மூவ் தான். 1974 நைஸ் ஒலிம்பியாட்ல (நாடுகளுக்கு இடையில நடக்கற டீம் போட்டி), பின்னாடி உலக சாம்பியனான கார்ப்போவ் ஜெர்மனியோட உன்ஸிக்கரோட ஆடின கேம் போட்டுப் பாருங்க. ஏ ஃபைல் திறந்திருக்கு, நம்ம ஆளுங்களா இருந்தா ரூக்க எல்லாம் பட பட்டுன்னு வெட்டித் தீர்த்திருப்பாங்க. அவர் பிஷப்ப ஏ7ல கொண்டு போய் வெச்சு ஃபைலையே மறிச்சுட்டார். அவருக்கு இடம் ஜாஸ்தி, எதிராளி நெருக்கடியில இருக்கார், ஒவ்வொரு வெட்டும் எதிராளிக்கு மூச்சு விட வழி. அப்புறம் ஏன் வெட்டணும்? பிஷப்புக்குப் பின்னாடி ரூக்க வரிசை கட்டிட்டு நிதானமா ராஜா பக்கம் போனார்.

இன்னொரு வியாதி இருக்கு, இது பெரிய ரேட்டிங் ஆளோட ஆடும்போது வரும். எல்லாத்தையும் வெட்டிட்டா சிம்பிள் ஆயிடும், சிம்பிள் ஆனா ட்ரா. கண்ணா, உன்ன விட 400 பாயிண்ட் மேல இருக்கறவர் எண்ட்கேம் (கொஞ்சம் காய் மட்டும் மிச்சம் இருக்கற கடைசிக் கட்டம்) உன்ன விட நல்லா ஆடுவார்டா, நீ அவர் வீட்டுக்கே நடந்து போற. சின்னப் பசங்களுக்கு மட்டும் வர்ற வியாதின்னும் நினைக்காதீங்க. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்போட கடைசி கேம். குகேஷ்கிட்ட ஒரு பான் ஜாஸ்தி, அவ்வளவு தான், பார்த்துட்டு இருந்தவங்க நிறைய பேர் ட்ரான்னு எழுந்தே போயிருப்பாங்க. 55வது மூவ்ல அப்போ சாம்பியனா இருந்த டிங் லிரன் ரூக்க எஃப்2ல வெச்சு ரூக் மாத்திக்கலாம்னு வந்தார். அவரோட பிஷப் ஏ8 மூலையில மாட்டிக்கிட்டு நின்னது கணக்குல வரல. ரெண்டு பேர் ரூக்கும் போச்சு, உடனே குகேஷ் பிஷப்ப டி5ல வெச்சார், தப்பிக்க இடம் இல்ல, ரெண்டு பேர் பிஷப்பும் போச்சு. மிச்சம் ராஜாவும் பானும், அதுல ஒரு பான் ஜாஸ்தின்னா முடிஞ்சுது கதை. ரூக் இருந்தவரைக்கும் ட்ரா, ரூக்குக்கு ரூக் சமமா மாத்தினதும் தோல்வி. உலக சாம்பியன்ஷிப்பே போச்சு.

என்ஜின் பத்தி ஒரு வார்த்தை. அது ப்ளண்டருக்குத் தான் சிவப்பு அடிக்கும். யார் கை ஓங்கியிருக்குன்னு அது காட்டற நம்பர் 0.4ல இருந்து 0.1, அப்புறம் மைனஸ் 0.3, மைனஸ் 0.8ன்னு இறங்கி தவணை முறையில தோக்கறதுக்கு எந்தக் கலரும் அடிக்காது. பொசிஷனல் தப்பு எல்லாம் இப்படித் தான் வரும். ஹால் வாசல்லயே போன நீட்டி "எங்க தப்பு விட்ட"ன்னு கேக்கற அப்பா அம்மாவ கெஞ்சிக் கேட்டுக்கறேன், அத செய்யாதீங்க, முதல்ல குழந்தைக்கு தண்ணி குடுங்க.

பசங்களுக்கு: மூவ் எல்லாம் எழுதின ஸ்கோர்ஷீட்ட எடு. எங்கெல்லாம் வெட்டு வருதோ எல்லாத்துக்கும் வட்டம் போடு. யார் ஆரம்பிச்சது, ஏன், ஒரு வரி எழுது. "சமம்"னு எழுதினா அத நான் ஏத்துக்க மாட்டேன். "அவனோட நல்ல காய் போச்சு", "எனக்கு சி ஃபைல் கிடைச்சுது", "பான் எண்டிங் எனக்கு ஜெயிக்குது, எண்ணிப் பார்த்தேன்", இந்த மாதிரி எழுது. எழுத வரலன்னா அந்த வெட்டு தேவையில்லாத வெட்டு. குயின்ஸ் கேம்பிட்ங்கற ஓப்பனிங்ல நாலாவது மூவ்லயே டி5ல வெட்டறவங்க, சி8 பிஷப்புக்கு வழி திறந்து விடறீங்கன்னு தெரிஞ்சு தான் வெட்டறீங்களா? தெரிஞ்சு, பானை பி4 பி5ன்னு தள்ளற ப்ளானோட வெட்டினா சந்தோஷம். எல்லாரும் வெட்டறாங்கன்னு வெட்டினா வட்டம் போடு.

ப்ளிட்ஸ் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வைங்க, மூணு நிமிஷத்துல இதெல்லாம் யோசிக்க முடியாது. ராஜா பான் எண்டிங் தினமும் ஒண்ணு ரெண்டு போடுங்க, போரிங்கா தான் இருக்கும், பரவாயில்ல. அடுத்த க்ளாஸுக்கு வட்டம் போட்ட ஸ்கோர்ஷீட்டோட வாங்க, என்ஜின் ப்ரிண்ட் அவுட் கொண்டு வர்றவங்கள வாசலோட திருப்பி அனுப்புவேன்.