வரி ரசீது வேறு, நிலப் பத்திரம் வேறு: ஜாவா கிராமத்துக்கு வரும் பிடிஎஸ்எல் திட்டம்

மத்திய ஜாவாவில் நெல் விளையும் ஒரு சின்ன கிராமத்துக்குப் போய், இந்த வயல் யாருடையது என்று கேட்டால் பதில் உடனே வரும். யாருடையது, அவருக்கு முன் அவர் மாமனார் உழுதது, எந்த வருஷம் தண்ணீருக்குச் சண்டை வந்தது என்பதுவரை சொல்வார்கள். பத்திரம் இருக்கிறதா என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும். உள்ளே போய்ப் பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்த ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வருவார்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வரி ரசீதுகள்.

இந்தோனேசியா முழுவதும் இப்படித்தான் இருந்தது. நாட்டில் மொத்தம் சுமார் 12 கோடியே 60 லட்சம் நிலத் துண்டுகள் என்பது அரசின் கணக்கு. பிடிஎஸ்எல் என்ற நிலப் பதிவுத் திட்டம் தொடங்கும்போது அதில் 4 கோடியே 60 லட்சத்துக்குத்தான் சான்றிதழ் இருந்தது. அதுவரை ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் சான்றிதழ்தான் தந்துகொண்டிருந்தார்கள். இதே வேகத்தில் போனால் எல்லாருக்கும் கொடுத்து முடிக்க 160 வருஷம் ஆகும் என்று அன்றைய அதிபர் ஜோகோ விடோடோ மேடைக்கு மேடை சொன்னார். அதற்காக 2017ல் வந்ததுதான் பிடிஎஸ்எல். பெண்டாப்தாரான் தானா சிஸ்தெமாதிஸ் லெங்காப் என்பதன் சுருக்கம் இது. முறையான, முழுமையான நிலப் பதிவு என்று பொருள். மனு போட்டவருக்கு மட்டும் பதிவு செய்வது பழைய முறை. இதில் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் உள்ள அத்தனை துண்டுகளையும் ஒரே மூச்சில் அளந்து எழுதுகிறார்கள்.

வீட்டில் இருக்கும் காகிதம் என்ன?

கிராம அலுவலகப் பீரோவில் தடிமனான ஒரு பழைய புத்தகம் இருக்கும். பெயர் லெத்தர் சே. வரி கட்ட வேண்டியவரின் பெயர், துண்டின் எண், நிலத்தின் தரம், பரப்பு, கை மாறிய காரணம் எல்லாம் அதில் இருக்கும். தரத்தின் குறி 'எஸ்' என்று தொடங்கினால் நெல் வயல், 'டி' என்றால் மேட்டு நிலம். இதிலிருந்து நில உரிமையாளருக்குக் கொடுத்த துண்டுக் காகிதத்தைச் சில இடங்களில் கிரிக் என்பார்கள், சில இடங்களில் பெத்தோக்.

இவை எல்லாமே வரிக்காக எழுதப்பட்டவை. யார் கட்ட வேண்டும் என்பதுதான் அரசின் கவலையாக இருந்தது. யாருக்குச் சொந்தம் என்பது அல்ல. இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1811 முதல் 1816 வரை ஜாவா ஆங்கிலேயர் கையில் இருந்தது. அப்போது அங்கே துணை ஆளுநராக இருந்த ராஃபிள்ஸ் நிலவரி முறையைக் கொண்டுவந்தார். நில உடைமை எப்படி இருக்கிறது என்று விசாரிக்க அவர் அமைத்த குழுவுக்குத் தலைவர், மதராஸிலிருந்து போன காலின் மெக்கன்சி. நம் ஊர் சுவடிகளைச் சேகரித்தாரே, அதே ஆள். 1814ல் ராஃபிள்ஸ் ஒவ்வொரு குடியானவரிடமும் தனித்தனியாக வரி பேசும் முறைக்குப் போனார். மதராஸ் ரயத்துவாரிதான் அதற்கு முன்மாதிரி. டச்சுக்காரர்கள் திரும்பி வந்தபிறகும் நிலவரி நீடித்தது, ஏடுகளும் நீடித்தன.

ஆக, வரி ரசீது சொந்தத்துக்கு ஆதாரம் ஆகாது. 1960லேயே இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆனாலும் கிராமத்தில் அதை வைத்தே விற்றார்கள், வாங்கினார்கள், அடகு வைத்தார்கள். 2021 பிப்ரவரி 2ல் வந்த அரசு ஒழுங்குமுறை எண் 18 இதற்கு ஒரு கெடு வைத்தது. கிரிக் போன்ற பழைய காகிதங்களை ஐந்து ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றது. அதற்குப் பிறகு, அதாவது 2026 பிப்ரவரி 2க்குப் பிறகு, அவை ஆதாரமாகச் செல்லாது, பதிவுக்கு ஒரு குறிப்பாக மட்டும் உதவும். நிலத்தையே அரசு எடுத்துக்கொள்ளும் என்று ஒரு வதந்தி உலவியது. அது தவறு. அனுபவத்தில் இருக்கும் நிலம் அனுபவத்தில்தான் இருக்கும், காகிதத்தின் பலம்தான் போகும். காகிதமே இல்லாதவருக்கும் வழி உண்டு. நல்லெண்ணத்தோடு, வெளிப்படையாக, யாரும் ஆட்சேபிக்காமல் 20 வருஷம் தொடர்ந்து அனுபவித்திருந்தால், நம்பகமான சாட்சிகளை வைத்துப் பதிவு செய்யலாம் என்று 1997ம் ஆண்டு ஒழுங்குமுறை எண் 24 சொல்கிறது.

எவ்வளவு செலவாகும்?

அளப்பது, விசாரிப்பது, சான்றிதழ் அச்சிடுவது எல்லாம் அரசுச் செலவு. கிராம அளவில் செய்ய வேண்டிய தயாரிப்புக்கு மட்டும் மக்கள் பணம் கட்டுகிறார்கள். 2017ல் மூன்று அமைச்சர்கள் சேர்ந்து போட்ட ஆணைப்படி, ஜாவாவிலும் பாலியிலும் ஒரு துண்டுக்கு 1,50,000 ருபியா. இந்திய ரூபாயில் சுமார் 800. பப்புவா, மலுக்கு பக்கம் போனால் 4,50,000. இந்தப் பணத்துக்கு மூன்று எல்லைக் கல், மெதராய் என்கிற முத்திரை வில்லை ஒன்று, நகல் எடுக்கும் செலவு, கிராம ஊழியர் நில அலுவலகத்துக்குப் போய்வரும் செலவு எல்லாம் அடக்கம். சில மாவட்டங்கள் தனி ஆணை போட்டு வேறு தொகை வைத்திருக்கின்றன. அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் எந்த ஆணைப்படி என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் திட்டத்தில் கூடுதலாக வசூலித்துச் சிறைக்குப் போன கிராமத் தலைவர்கள் உண்டு.

பணம் மிச்சமாவதைவிட, அலுவலகமே ஊருக்கு வருவதுதான் பெரிய லாபம் என்பேன். நில அலுவலகம் இருப்பது மாவட்டத் தலைநகரில். மேட்டுக் கிராமத்தில் இருப்பவர் அங்கே போக, பக்கத்து வீட்டுப் பையனின் பைக்கையோ ஓஜெக் என்கிற வாடகை பைக்கையோ பிடித்துப் பெரிய சாலைக்கு வர வேண்டும், அப்புறம் மினி பஸ், அப்புறம் இன்னொரு பஸ். ஒரு கையெழுத்து குறைந்தால் மறுநாள் மறுபடி இதே பயணம். நடவு சமயத்தில் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. இதனாலேயே பலர் காலமெல்லாம் கிரிக்கோடு இருந்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று: தனி ஆளாகப் போய், எனக்குப் பிடிஎஸ்எல் போடுங்கள் என்று கேட்க முடியாது. எந்தக் கிராமம் என்பதை நில அலுவலகத் தலைவர் அறிவிப்பார். பட்டியலில் இல்லாத ஊர்க்காரர் பழையபடி சொந்தச் செலவில் மனு போட வேண்டியதுதான்.

வரப்பில் நடப்பது

முதலில் பாலாய் தேசா என்கிற கிராம மண்டபத்தில் விளக்கக் கூட்டம். அடையாள அட்டை, குடும்ப அட்டை, வரிச் சீட்டு, லெத்தர் சே நகல், வாங்கியதற்கோ வாரிசுக்கோ ஆன காகிதம், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு அனுபவ உறுதிமொழி ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்வார்கள்.

அதன்பின் எல்லைக் கல். இதை நடுவது அதிகாரி அல்ல, நிலத்துக்காரர். அதுவும் பக்கத்து நிலத்துக்காரர் பார்த்து ஒப்புக்கொண்டு நட வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் வயல் வரப்பு என்பது நிற்கிற பொருள் அல்ல. ஒவ்வொரு உழவிலும் இந்தப் பக்கத்துக்காரர் ஒரு மண்வெட்டி செதுக்குவார், அடுத்த போகத்தில் அந்தப் பக்கத்துக்காரர் ஒரு மண்வெட்டி. முப்பது வருஷத்தில் வரப்பு ஒரு முழம் நகர்ந்திருக்கும். இருவருக்கும் தெரியும், இருவரும் பேசியிருக்க மாட்டார்கள். கல் நடுகிற அன்றுதான் அந்தப் பேச்சு வெளியே வரும். 2023 பிப்ரவரி 3ல் நாடு முழுக்க ஒரே நாளில் பத்து லட்சம் கல் நட நில அமைச்சகம் இயக்கம் நடத்தியது. அப்போது வைத்த முழக்கத்தின் சாரம்: கல்லை நடு, சச்சரவும் வராது, அபகரிப்பும் வராது. சச்சரவு வராது என்பது கல் நட்ட பிறகு. நடும்போது வரும்.

அளந்து முடித்து, யார் பெயருக்கு என்று பிடிஎஸ்எல் குழு முடிவு செய்ததும், பட்டியலையும் வரைபடத்தையும் கிராம அலுவலகத்தில் 14 நாள் ஒட்டி வைப்பார்கள். இந்த இரண்டு வாரத்தைத் தவறவிடக் கூடாது. ஆட்சேபம் இருந்தால் அப்போதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். சான்றிதழ் வந்து ஐந்து ஆண்டுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காமலும் வழக்குப் போடாமலும் இருந்தால், நல்லெண்ணத்தோடு வாங்கி அனுபவத்தில் வைத்திருப்பவரிடம் பிறகு உரிமை கோர முடியாது என்பது சட்டம்.

எல்லாத் துண்டுக்கும் சான்றிதழ் வராது. சிக்கல் இல்லாதது முதல் வகை, அதற்குச் சான்றிதழ் உண்டு. வழக்கில் இருப்பது இரண்டாவது. காகிதமோ ஆளோ குறைவது மூன்றாவது. அளந்து பதிவேட்டில் எழுதி நிறுத்திவிடுவார்கள். ஏற்கெனவே சான்றிதழ் உள்ளவை நான்காவது, வரைபடத்தில் சேர்த்துக்கொள்வதோடு சரி. 2024 முடிவில் நாட்டில் 12 கோடியை ஒட்டிய துண்டுகள் பதிவாகிவிட்டன என்றாலும், சான்றிதழ் எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர், பங்காளி, அடகு

மூன்றாவது வகைக்குள் தள்ளுவது பெரும்பாலும் பெயர்தான். ஜாவாவில் ஆணுக்குக் கல்யாணம் ஆனதும் புதுப் பெயர் வைக்கும் பழக்கம் இருந்தது. லெத்தர் சேயில் பெரியவரின் பிள்ளைப் பருவப் பெயர் இருக்கும், அடையாள அட்டையில் இன்னொன்று. இருவரும் ஒருவரே என்று கிராமத் தலைவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

அடுத்தது பங்காளி. தாத்தா பெயரில் உள்ள வயலுக்கு ஆறு வாரிசு. ஒருவர் ஜகார்த்தாவில், ஒருவர் மலேசியாவில் வேலையில். எல்லாரும் வாரிசுச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். ரம்ஜான் பெருநாளுக்கு எல்லாரும் ஊர் திரும்பும் முடிக் நாட்கள்தான் இதற்கு வசதி. ஊரில் இருக்கும் தம்பி தன் பெயருக்கு மட்டும் எழுதிக்கொள்ள நினைத்தால் அந்த 14 நாள் சுவரொட்டியில் தெரிந்துவிடும், பார்க்க யாராவது இருந்தால்.

கிராமத் தலைவருக்கும் ஊழியருக்கும் சம்பளத்துக்குப் பதிலாக விடப்படும் பெங்கோக் நிலம் கிராமச் சொத்து. அதை யார் பெயருக்கும் எழுத முடியாது.

அடகில் இருக்கும் வயலைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. 1960ம் ஆண்டுச் சட்டம் எண் 56ன்படி, ஏழு வருஷம் அல்லது அதற்கு மேல் அடகில் இருந்த விவசாய நிலத்தை, நிற்கும் பயிர் அறுத்த ஒரு மாதத்துக்குள் சொந்தக்காரரிடம் திருப்பித் தர வேண்டும். மீட்புப் பணம் கேட்கக் கூடாது. கடன் கொடுத்தவர் அத்தனை வருஷம் எடுத்த விளைச்சலிலேயே கடன் அடைந்துவிட்டது என்பது கணக்கு. நடைமுறையில் கடன் கொடுத்தவர் உறவினராக இருப்பார், கேட்கக் கூச்சம். கேட்காமல் விட்டால், அனுபவத்தில் இருப்பவர் என்று அவர் பெயர் பட்டியலில் ஏறிவிடக்கூடும்.

வெளியூர்க்காரரும் வெளிநாட்டவரும்

விவசாய நிலத்தை வைத்திருப்பவர் அதே கெசமத்தானில், அதாவது அதே வட்டத்தில், குடியிருக்க வேண்டும் என்பது 1961 முதல் உள்ள விதி. பக்கத்து வட்டமாக இருந்து, போய்வந்து பயிர் செய்ய முடிகிற தூரம் என்றால் விலக்கு உண்டு. நகரத்துப் பணக்காரர் வயலை வாங்கிப் போட்டு வைப்பதைத் தடுக்க வந்தது இது. எழுத்தில் இருக்கும் அளவுக்கு நடப்பில் இல்லை. ஆனால் பெயர் மாற்றத்தின்போது குடியிருப்பு முகவரியைக் கேட்டு நிறுத்துவார்கள்.

வெளிநாட்டவர் நிலை இன்னும் நேரானது. முழு உரிமையான ஹக் மிலிக் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான் என்று 1960 நிலச் சட்டத்தின் 21ம் பிரிவு சொல்கிறது. உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கி வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 26ம் பிரிவின்படி அந்த ஒப்பந்தம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணமும் திரும்பாது. இந்தோனேசியரைக் கல்யாணம் செய்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. சொத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் எழுதினால் துணைவரின் உரிமை பாதிக்காது. முன்பு கல்யாணத்துக்கு முன்னாலேயே எழுத வேண்டும் என்று இருந்தது. அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 69/2015 எண் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, கல்யாணம் ஆன பின்பும் எழுதலாம்.

சும்மா போய்த் தங்குகிறவருக்கும் ஒரு சின்ன விதி. தெருமுனையில் பலகை தொங்கும்: விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டியது ஆர்டி தலைவரிடம். சில பத்து வீடுகளுக்கு ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர்தான். தங்க வைப்பவரோடு போய், பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து, அவர் தரும் தேநீரைக் குடித்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது.

சான்றிதழ் கைக்கு வந்ததும்

பழைய சான்றிதழ் பச்சை அட்டை போட்ட சின்னப் புத்தகம். 2023 டிசம்பரில் மின் சான்றிதழ் வந்தபின் கியூஆர் குறி உள்ள ஒற்றைத் தாள். வாங்கும் இடத்திலேயே பெயர் எழுத்து, பரப்பு, வரைபடத்தின் வடிவம் மூன்றையும் பாருங்கள். செந்துஹ் தானாக்கு என்ற அமைச்சகச் செயலியிலும் துண்டு தெரிகிறதா என்று பார்க்கலாம். நிலம் வாங்கியதற்கான வரி பாக்கி இருந்தாலும் சான்றிதழைக் கொடுத்துவிடுவார்கள், பாக்கி என்று குறித்துக்கொண்டு. பின்னால் விற்கவோ பெயர் மாற்றவோ போகும்போது அந்த வரி முன்னால் வந்து நிற்கும்.

வங்கியில் சான்றிதழை அடகு வைப்பதற்கு அங்கே ஒரு பேச்சு வழக்கு உண்டு: சான்றிதழைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது. வீட்டில் இல்லை, படிக்கப் போயிருக்கிறது என்பார்கள். அனுப்பும் முன், கேயுஆர் என்ற அரசு மானியக் கடனைக் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை வாங்குபவருக்கு ஆண்டு வட்டி 6 சதவீதம். 10 கோடி ருபியா வரை கூடுதல் ஈடு கேட்கக் கூடாது என்பது அதன் விதி. அப்படியென்றால் சான்றிதழ் பீரோவிலேயே இருக்கலாம்.