ஃபோர்க்லிஃப்ட் எதனால் நிற்கிறது, எதனால் கவிழ்கிறது

2.5 டன் சரக்கைத் தூக்கவல்ல ஓர் எதிர்எடை ஃபோர்க்லிஃப்ட், சரக்கைத் தாங்கும் முன்கரங்களான ஃபோர்க்கில் எதுவுமின்றி நிற்கும்போதே ஏறத்தாழ 4 டன் எடை கொண்டிருக்கும். பல கார்களைவிட நீளத்தில் குறைந்த ஒரு வண்டிக்கு இவ்வளவு எடை தேவைப்படுவதற்குக் காரணம், முன்னால் தூக்கப்படும் சரக்கைப் பின்னால் இருந்து ஈடுகட்டுவதற்காக அதன் வால்பகுதியில் பொருத்தப்பட்டுள்ள வார்ப்பிரும்புக் கட்டிதான். முழுச் சரக்கையும் ஏற்றியபின் மொத்த எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமான அளவு முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. பின்சக்கரங்களுக்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு மட்டுமே. வண்டியின் திசையைத் திருப்புபவை அந்தப் பின்சக்கரங்கள்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய வண்டி முன்புறம் கவிழ்வதற்கு முன்பே ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் போவது ஏன் என்பது விளங்கும். ஆகவே பராமரிப்பு என்றும் பயிற்சி என்றும் தனித்தனியாகப் பேசப்படும் இரண்டுமே, வண்டியும் சரக்கும் சேர்ந்த கூட்டு ஈர்ப்பு மையம் என்ற ஒரே புள்ளியைக் குறுகிய எல்லைக்குள் வைத்திருப்பதற்கான வேலைகள் என்று கொள்வதே பொருத்தம்.

முன்அச்சுதான் இந்த நெம்புகோலின் ஆதாரப்புள்ளி. அதற்கு முன்னால் உள்ள சரக்கின் திருப்புத்திறனைவிட, அதற்குப் பின்னால் உள்ள வண்டியின் திருப்புத்திறன் எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். திருப்புத்திறன் என்பது எடையைத் தூரத்தால் பெருக்கிக் கிடைப்பது என்பதால், சரக்கின் எடையை மட்டும் தெரிந்துகொண்டு இந்த வண்டியை ஓட்ட இயலாது. 2.5 டன் என்று வண்டியின் திறன் தகட்டில் எழுதியிருப்பது, ஃபோர்க்கின் செங்குத்தான முகப்பிலிருந்து 500 மில்லிமீட்டர் தள்ளிச் சரக்கின் ஈர்ப்பு மையம் அமைந்திருக்கும்போது மட்டுமே பொருந்தும். இந்தத் தூரத்துக்குச் சுமைமையத் தூரம் என்று பெயர். ஃபோர்க் முகப்பிலிருந்து முன்அச்சு வரை அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அச்சிலிருந்து சரக்கின் மையத்துக்கு உள்ள தூரம் 1 மீட்டர். இப்போது ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள ஒரு மரப்பெட்டியை எடுத்தால், அதன் மையம் ஃபோர்க் முகப்பிலிருந்து 750 மில்லிமீட்டரிலும், அச்சிலிருந்து 1.25 மீட்டரிலும் இருக்கும். 2,500 கிலோகிராமை 1.25 ஆல் வகுத்தால், அதே வண்டி பாதுகாப்பாகத் தூக்கக்கூடியது 2,000 கிலோகிராம் மட்டுமே. வண்டியில் எந்த மாற்றமும் இல்லாமல், பெட்டியின் வடிவம் ஒன்றே அரை டன்னைக் குறைத்துவிட்டது. உருளைகளைப் பிடிக்கும் கவ்வி போன்ற கூடுதல் உபகரணத்தைப் பொருத்தினால் அதன் சொந்த எடையும், அது சரக்கை முன்னே தள்ளும் தூரமும் இதே கணக்கில் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் அத்தகைய வண்டிக்குப் புதிய திறன் தகடு வேண்டும்.

இதுவரை சொன்னது முன்னோக்கிக் கவிழ்வதைப் பற்றியது. உயிரைப் பறிக்கும் விபத்துகளில் அதிகம் இடம்பெறுவதோ பக்கவாட்டுக் கவிழ்வு. வண்டிக்கு நான்கு சக்கரங்கள் இருந்தாலும், பின்அச்சு அதன் நடுவில் உள்ள ஒரே முளையில் மாட்டப்பட்டு, மேடுபள்ளத்துக்கு ஏற்ப இருபுறமும் அசையும்படி அமைக்கப்பட்டுள்ளது. கடினமான தரையில் நான்கு சக்கரங்களும் எப்போதும் பதிந்திருப்பதற்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டின் விளைவாக, வண்டியை உண்மையில் தாங்கி நிற்பவை இரண்டு முன்சக்கரங்களும் அந்த முளையும் ஆகிய மூன்று புள்ளிகளே. இம்மூன்றையும் இணைத்தால் கிடைக்கும் முக்கோணத்துக்குள் கூட்டு ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு விழும்வரை வண்டி நிற்கும். முக்கோணத்தின் பக்கத்தை அது தாண்டினால் வண்டி சாயத் தொடங்கும். ஓரளவு சாய்ந்தபின் பின்அச்சு அதன் தடுப்பில் போய் முட்டும் என்றாலும், அதற்குள் வண்டி பெற்றுவிட்ட வேகம் பெரும்பாலும் அந்தத் தடுப்பையும் வென்றுவிடும்.

இந்த முக்கோணத்திலிருந்து எதிர்பாராத ஒரு முடிவு பிறக்கிறது. காலியான ஃபோர்க்லிஃப்ட், சரக்கைத் தாழ்வாகப் பிடித்தபடி செல்லும் ஃபோர்க்லிஃப்ட்டைவிட எளிதாகப் பக்கவாட்டில் கவிழக்கூடும். காலி வண்டியின் ஈர்ப்பு மையம் எதிர்எடையின் பக்கம், அதாவது முக்கோணம் ஒடுங்கிக் கூராகும் பின்பகுதியில் இருக்கிறது; அங்கே இருபுறமும் விளிம்புக்கு உள்ள தூரம் மிகக் குறைவு. சரக்கை ஏற்றும்போது மையம் முன்னே நகர்ந்து, முக்கோணத்தின் அகன்ற பகுதிக்கு வந்துவிடுகிறது. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் ஓட்டுநர் ஆபத்து முடிந்தது என்று எண்ணி வேகமெடுத்துத் திரும்புவது இயல்பு. ஆனால் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், 3 மீட்டர் ஆரத்தில் திரும்பும் வண்டியின் மேல், புவியீர்ப்பு விசையின் கால்பங்குக்கு நிகரான பக்கவாட்டு விசை செயல்படுகிறது. வேகம் இருமடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். காலி வண்டியின் ஒடுங்கிய முக்கோணத்துக்குக் கால்பங்கே ஆபத்தின் வாசல்.

பிரேக் விஷயத்திலும் காரில் பழகிய கால் தவறு செய்கிறது. 1 டன் சரக்கின் மையம் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்க, ஓட்டுநர் விநாடிக்கு விநாடி 3 மீட்டர் என்ற அளவில் வேகத்தைக் குறைத்தால், அந்தச் சரக்கு நிலைமத்தால் முன்னோக்கித் தரும் திருப்புத்திறன், அதை ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி வைத்ததற்குச் சமம். அதே சரக்கைத் தரையை ஒட்டி, அதன் மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி கொண்டுசென்றால், அதே பிரேக்கின் விளைவு 18 சென்டிமீட்டர் மட்டுமே. ஃபோர்க்கைத் தாழ்த்தி, ஃபோர்க் ஏறியிறங்கும் செங்குத்துச் சட்டமான மாஸ்ட்டைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்தபின்தான் நகர வேண்டும் என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

உற்பத்தியாளர்கள் இந்த வண்டிகளைச் சாய்வு மேடையில் ஏற்றிச் சோதிக்கிறார்கள். 5 டன்னுக்குக் குறைவான திறனுள்ள எதிர்எடை வண்டி, முழுச் சரக்கை முழு உயரத்துக்குத் தூக்கிய நிலையில், முன்னோக்கி 4 சதவீதச் சாய்விலும் பக்கவாட்டில் 6 சதவீதச் சாய்விலும் கவிழாமல் நின்றால் அந்தச் சோதனையில் தேறிவிடும். 6 சதவீதம் என்பது மூன்றரை பாகைக்கும் குறைவு. புத்தம்புதிய வண்டிக்கு உறுதி செய்யப்படும் இருப்பே இவ்வளவுதான். தேய்மானம் ஒவ்வொன்றும் அதிலிருந்து எடுத்துச் செலவிடுகிறது.

டயரையே எடுத்துக்கொள்வோம். முன்சக்கரங்களுக்கு இடையே 1 மீட்டர் தூரம் இருக்க, ஒருபக்க டயர் மற்றதைவிட 1 சென்டிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் மாஸ்ட் 1 சதவீதம் சாய்கிறது. 5 மீட்டர் உயரத்தில் சரக்கு 5 சென்டிமீட்டர் விலகி நிற்கிறது. சமதளத்திலேயே 6 சதவீத இருப்பில் ஆறில் ஒரு பங்கு இப்படிக் கரைந்துவிடுகிறது. திட டயர்களின் பக்கவாட்டில் தேய்மான எல்லையைக் காட்டும் கோடு வார்க்கப்பட்டிருப்பது இதற்காகத்தான் என்றாலும், தேய்ந்த ஒரு டயரை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கும் வழக்கம் அந்தக் கோட்டின் பயனைப் பாதியாக்கிவிடுகிறது. முன்டயர்களை இணையாக மாற்றுவதே சரி.

ஃபோர்க்கின் தேய்மானம் இன்னும் கவனத்துக்குரியது. கிடைப்பகுதி செங்குத்துப் பகுதியோடு சேரும் வளைவில்தான் வளைப்பு விசை உச்சத்தில் இருக்கிறது. தரையில் உராய்ந்து அதிகம் தேய்வதும் அதே இடம். உலோகப் பட்டையின் வளைவுத் தாங்குதிறன் அதன் தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், தடிமனில் 10 சதவீதம் குறைந்தால் வலிமையில் 19 சதவீதம் போய்விடுகிறது. அந்த அளவை எட்டிய ஃபோர்க்கை அகற்றிவிட வேண்டும். விரிசல் விழுந்த ஃபோர்க்கைப் பட்டறையில் வெல்டிங் செய்து ஒட்டுவதும் கூடாது. வெல்டிங்கின் சூடு, எஃகுக்கு வெப்பப் பதப்படுத்தலால் கிடைத்த உறுதியை அந்த இடத்தில் குலைத்துவிடுகிறது.

சங்கிலிக்கு வருவோம். ஈரடுக்கு மாஸ்ட்டில் சிலிண்டர் 1 மீட்டர் உயர்ந்தால், உள்மாஸ்ட்டின் உச்சியில் உள்ள கப்பியின் வழியே செல்லும் சங்கிலி ஃபோர்க்கை 2 மீட்டர் உயர்த்துகிறது. தூரத்தில் கிடைக்கும் இந்த ஆதாயத்துக்கு ஈடாக, 2 டன் சரக்குக்குச் சிலிண்டர்கள் 4 டன்னுக்கு மேல் தள்ள வேண்டியிருக்கிறது. சரக்கு முழுவதையும் தொங்கவிட்டுப் பிடித்திருப்பவை சங்கிலிகளே. சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்லும்போது எஃகு இழுபட்டுவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முளைகளும் அவை நுழையும் துளைகளும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் சேரும் சிறு இடைவெளிகளின் கூட்டுத்தொகையே அந்த நீளம். பொதுவான எல்லை 3 சதவீதம். 300 மில்லிமீட்டராக இருந்த பகுதி 309 ஆனால் மாற்றிவிட வேண்டும். கப்பியின் மேல் அதிகம் ஓடும் பகுதியே முதலில் தேய்வதால், அளவுகோலை வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

ஹைட்ராலிக் பகுதியில் சரக்கு உயர்வது பம்ப்பின் அழுத்தத்தால். இறங்குவது தன் எடையால், ஒரு வால்வு எண்ணெயை அளவோடு திரும்ப விடுவதால். சாய்வு சிலிண்டரின் சீல் தேய்ந்தால் மாஸ்ட் தானாக மெல்ல முன்னே சாயும். தூக்கிய சரக்கின் மையத்தை அது ஆதாரப்புள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டே போவதால், தூக்கு சிலிண்டரின் மெதுவான இறக்கத்தைவிட இதையே நான் அதிகம் அஞ்சத்தக்கதாகக் கருதுகிறேன். குழாயில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். 100 பாருக்கு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்குக்கு, மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே தெரியும் காயம் சிறிதாக இருந்தாலும் அது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நிலை. ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

மின்சார வண்டிகளில் பேட்டரியும் எதிர்எடையின் ஒரு பகுதி. அதனால்தான் தகட்டில் பேட்டரியின் குறைந்தபட்ச எடை குறிக்கப்பட்டிருக்கிறது. ஈய அமில பேட்டரியை எடுத்துவிட்டு இலகுவான லித்தியம் அயனி பேட்டரியை வைப்பவர்கள் குறைந்த எடைக்கு ஈடாக இரும்பைச் சேர்த்தாக வேண்டும். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினாலே தீப்பற்றும் என்பதால் அந்த இடத்தில் காற்றோட்டம் கட்டாயம்.

ஓட்டுநர் பயிற்சி என்பது பெரும்பாலும் நெம்புகோல்களை இயக்கக் கற்றுக்கொடுப்பதாகச் சுருங்கிவிடுகிறது. அது சில மணி நேரத்தில் கைவந்துவிடும். கடினமானது, காரோட்டிப் பழகிய உள்ளுணர்வை மாற்றுவது. பின்சக்கரங்கள் திரும்புவதால் வண்டியின் வால் வெளிப்புறமாக வீசப்படும். ஃபோர்க் முனையையே பார்த்துக்கொண்டிருக்கும் புதியவர் பின்னால் நிற்பவரை இடித்துவிடுவார். சரிவில் கனமான முனை எப்போதும் மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும்: சரக்கோடு செல்லும்போது சரக்கு மேலே பார்த்தபடி, அதாவது ஏறுகையில் முன்னோக்கியும் இறங்குகையில் பின்னோக்கியும், காலியாகச் செல்லும்போது கனமான முனை எதிர்எடை என்பதால் ஃபோர்க் கீழே பார்த்தபடி. சரிவின் நடுவில் திரும்பவே கூடாது. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவற்றை மனப்பாடம் செய்தவர் அவசரத்தில் மறந்துவிடுவார். ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பழகியவர் விதியைத் தாமே வருவித்துக்கொள்வார். எனவே எழுத்துத் தேர்வில் விதிகளைக் கேட்பதைவிட, ஒரு திறன் தகட்டையும் ஒரு பெட்டியின் அளவுகளையும் கொடுத்து, தூக்கலாமா வேண்டாமா என்று கேட்பது நல்ல சோதனை. ஓரிடத்தில் ஒரு வகை வண்டியில் தேறியவருக்கு, வேறு வகை வண்டியையோ வேறு தரையையோ தரும்போது பயிற்சி மீண்டும் தேவைப்படுகிறது. சரக்கு அடுக்கும் தட்டான பேலட்டைத் தன் சக்கரங்களுக்கு இடையே இழுத்துக்கொள்ளும் ரீச் டிரக்கின் கணக்கு, எதிர்எடை வண்டியின் கணக்கிலிருந்து வேறானது.

கவிழும் வண்டியில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பழக்க வேண்டும். அந்தக் கணத்தில் யோசிக்க நேரம் இருக்காது. குதிக்க வேண்டும் என்றே உடல் சொல்லும். ஆனால் குதிப்பவர் வண்டி விழும் பக்கமே விழுகிறார், தலைக்கு மேலிருந்த பாதுகாப்புக் கூரையின் சட்டம் அவர்மீது இறங்குகிறது. சரியான செயல் இருக்கையிலேயே இருந்து, ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, பாதங்களை ஊன்றி, விழும் திசைக்கு எதிர்ப்புறம் சாய்வது. இருக்கைப்பட்டை அணிந்திருந்தால்தான் இதைச் செய்ய முடியும். ஒரு நாளில் எண்ணற்ற முறை ஏறி இறங்கும் ஓட்டுநருக்கு அதை ஒவ்வொரு முறையும் மாட்டுவது சலிப்பைத் தரும். அதை அறிந்தே, பட்டை பூட்டப்படாதவரை வண்டி நகராதபடி செய்யும் இணைப்புகள் வந்துள்ளன. இருக்கைக்குப் பின்னால் பட்டையை நிரந்தரமாகப் பூட்டிவைத்து அதன்மேல் உட்கார்ந்து ஓட்டும் தந்திரமும் கூடவே வந்துவிட்டது. ஆகவே தினசரிச் சோதனையில் பட்டை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அதை இழுத்து, மாட்டி, விடுவித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.