தரம் குறையாமல் வீடியோவை வெட்டவும் ஒட்டவும்

இரண்டு மணி நேர வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் முதல் ஐந்து நிமிடம் வேண்டாம். பெரிய எடிட்டிங் மென்பொருள் ஒன்றில் போட்டு வெட்டி, புதுக் கோப்பாக எடுக்கச் சொன்னால் கணினி நெடுநேரம் சூடாகி உழைக்கிறது. கடைசியில் கிடைக்கும் கோப்பில் முகங்கள் லேசாக மழுங்கியிருக்கலாம், இருட்டான இடங்கள் கட்டம் கட்டமாகத் தெரியலாம். இதே வேலையை ஒரு சின்ன இலவச மென்பொருள் சில நொடிகளில் முடித்துவிடும். படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. இதனால் முதலாவது மோசம் என்றாகிவிடாது. இரண்டும் செய்வது முற்றிலும் வேறு வேலைகள், அது தெரிந்தால்தான் சரியானதைத் தேர்ந்தெடுக்க முடியும்.

1920×1080 அளவுள்ள ஒரு ஃபிரேமில், அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்தில், ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 30 ஃபிரேம் என்று கணக்கிட்டால் ஒரு நொடிக்கே சுமார் 187 மெகாபைட் ஆகிறது. ஆனால் போனில் எடுத்த அதே அளவு வீடியோ பெரும்பாலும் நொடிக்கு 2 மெகாபைட் அளவில்தான் இருக்கும். இந்தச் சுருக்கத்தைச் செய்பவை 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 போன்ற கோடெக்குகள். கண்ணுக்கு எளிதில் பிடிபடாத நுணுக்கங்களை அவை தூக்கி எறிகின்றன. எறிந்தது எறிந்ததுதான், திரும்பக் கிடைக்காது.

பெரிய எடிட்டர்கள் இந்தச் சுருக்கத்தை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு ஃபிரேமையும் படமாக்கி, மறுபடி சுருக்குகின்றன. ஏற்கெனவே நுணுக்கம் இழந்த படம் இன்னொரு முறை இழக்கிறது. பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவை, ஏற்றி வைத்தால் இழப்பு கண்ணில் படாமல் போகலாம், ஆனால் கோப்பு பெரிதாகும். தலைப்பு போட, நிறம் திருத்த, காட்சிகளைக் கரைத்துச் சேர்க்க இதைத் தவிர வழியில்லை, ஏனென்றால் அங்கே படமே மாறுகிறது. வெறுமனே வெட்டுவதற்கு இவ்வளவும் தேவையில்லை. சுருக்கிய தரவை அப்படியே எடுத்துப் புதுக் கோப்பில் வைத்தால் போதும். சின்ன மென்பொருள் செய்வது அதைத்தான். நகலெடுப்பது மட்டுமே வேலை என்பதால் வட்டு எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் முடிகிறது.

அப்படியானால் எந்த ஃபிரேமில் வேண்டுமானாலும் வெட்டலாமே? முடியாது. கோடெக்குகள் மிச்சம் பிடிக்கும் இன்னொரு வழி இங்கே குறுக்கே வருகிறது. அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், எல்லாவற்றையும் முழுப் படமாக எழுதுவதில்லை. வரவு செலவு நோட்டில் மாதத் தொடக்கத்தில் மட்டும் மொத்த இருப்பை எழுதிவிட்டு, அப்புறம் கூட்டியதையும் கழித்ததையும் மட்டும் எழுதிக்கொண்டே போவது போன்றது இது. நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தால் கையில் எவ்வளவு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முழு இருப்பு எழுதிய ஃபிரேமுக்கு ஐ-ஃபிரேம் என்று பெயர், வெட்டும் மென்பொருள்களில் கீஃபிரேம் என்றே பார்ப்போம். முன்னால் போனதிலிருந்து வேறுபாட்டை மட்டும் சொல்வது பி-ஃபிரேம் (P-frame). முன்னும் பின்னும் பார்த்துக் கணக்குப் போடும் இன்னொரு வகையும் உண்டு. அது இன்னும் நன்றாகச் சுருங்கும்.

ஆகவே ஒரு துண்டு கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். போன் கேமராக்கள் பெரும்பாலும் நொடிக்கு ஒன்று என்ற அளவில் கீஃபிரேம் வைக்கின்றன, அதனால் அங்கே பெரிய சிக்கல் இல்லை. எக்ஸ்264 என்ற புகழ்பெற்ற என்கோடரை (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) அதன் வழக்கமான அமைப்பிலேயே விட்டால், இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே 250 ஃபிரேம்கள்வரை போகும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது 10 நொடி. நாம் குறித்த இடத்துக்குச் சில நொடிகள் முன்பிருந்தே துண்டு தொடங்குவது இதனால்தான். முடிவுப் புள்ளியில் இவ்வளவு கெடுபிடி இல்லை, ஒன்றிரண்டு ஃபிரேம் முன்பின்னாக நினைத்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். ஒலியிலும் தொல்லை குறைவு. ஏஏசி என்ற முறையில் சுருக்கிய ஒலியின் ஒரு பொட்டலம் வழக்கமாக 1024 மாதிரிகள், 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 மாதிரிகளில், அது 21 மில்லிநொடி மட்டுமே.

இந்த விதியை மீறி நடுவில் வெட்டினால், அடுத்த கீஃபிரேம் வரும்வரை ஒலி மட்டும் ஓடும். படம் உறைந்தோ சாம்பல் பூசியோ கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைப் பார்த்துத்தான்.

எம்பி4 கோப்பில் இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. முந்தைய கீஃபிரேமிலிருந்தே தரவை வைத்துக்கொண்டு, ‘இந்த இடத்திலிருந்து காட்டு’ என்று கோப்பிலேயே ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம். குறிப்பை மதிக்கும் பிளேயரில் வெட்டு கச்சிதமாகத் தெரியும், மதிக்காததில் பழைய நொடிகளும் ஓடும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: வெட்டியதாக நாம் நம்பும் அந்தச் சில நொடிகள் கோப்புக்குள் இன்னும் இருக்கின்றன. பிறர் பார்க்கக் கூடாத ஒன்றை நீக்கத்தான் வெட்டுகிறீர்கள் என்றால் இந்த வழியை நம்பாதீர்கள். அடுத்த கீஃபிரேமிலிருந்து தொடங்குங்கள், ஒன்றிரண்டு நொடி கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

வெட்டுப் புள்ளியிலிருந்து அடுத்த கீஃபிரேம் வரையுள்ள சிறு பகுதியை மட்டும் மறுபடி சுருக்கி, மீதியை அப்படியே நகலெடுக்கும் ‘ஸ்மார்ட் கட்’ முறையும் உண்டு. அழகான யோசனை. ஆனால் புதிதாகச் செய்த பகுதி பழையதோடு எல்லா அமைப்பிலும் பொருந்தியாக வேண்டும். பொருந்தாவிட்டால் தையல் இடத்தில் படம் சிதறும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? என் கணிப்பில் எளிதானது லாஸ்லெஸ்கட். 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரிக் கருவியின் மேல் கட்டிய முகப்பு அது. தொடக்கமும் முடிவும் குறித்து ஏற்றுமதி கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. அவிடெமக்ஸ் கொஞ்சம் பழைய தோற்றம் கொண்டது, ஆனால் காட்டும் ஃபிரேம் எந்த வகை என்று அது சொல்வது எனக்குப் பிடிக்கும். மேல், கீழ் அம்புக்குறிகளால் கீஃபிரேமிலிருந்து கீஃபிரேமுக்குத் தாவலாம். அதில் வீடியோ, ஒலி இரண்டுக்கும் ‘காப்பி’ என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எம்பி4 போன்ற இன்னொரு கோப்பு வகையான எம்கேவி போதும் என்றால் எம்கேவிடூல்நிக்ஸ் நம்பகமானது. மூன்றும் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும்.

பெயர் தெரியாத ஒரு மென்பொருள் கிடைத்தால் அதைச் சோதிப்பதும் எளிது. ஏற்றுமதியின்போது பிட்ரேட்டோ தரமோ கேட்டால் அது மறுபடி சுருக்கப் போகிறது. ஒரு மணி நேர வீடியோவில் பாதியை எடுத்தால் கோப்பின் அளவும் ஏறக்குறைய பாதியாக வர வேண்டும். வேலையும் நொடிக்கணக்கில் முடிய வேண்டும்.

ஒட்டுவதில் சிக்கல் வேறு மாதிரி. இரண்டு துண்டுகளும் எம்பி4 என்பது போதாது, எம்பி4 வெறும் உறை மட்டுமே. உள்ளே கோடெக், படத்தின் அளவு, நிற அமைப்பு, ஒலியின் மாதிரி வேகம், சேனல் எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஃபிரேம் வேகமும் ஒன்றாக இருப்பதே நல்லது. படத்தை எப்படிப் பிரிப்பது என்ற விவரம் எம்பி4-இல் பெரும்பாலும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கும். முதல் துண்டின் விவரத்தை வைத்து இரண்டாவதைப் பிரித்தால் குப்பைதான் வரும். நிமிர்த்திப் பிடித்து எடுத்ததையும் படுக்கவைத்து எடுத்ததையும் ஒட்டினால் ஒன்று சாய்ந்து தெரியும்.

கேமரா தானாகவே துண்டாக்கிய கோப்புகள் இதற்கு மிகவும் ஏற்றவை. எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த மெமரி கார்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் பல கேமராக்கள் நீண்ட பதிவைப் பிரித்து வைக்கின்றன. எல்லாம் ஒரே அமைப்பில் பிறந்தவை, தடம் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். செய்தி அனுப்பும் செயலி வழியாக வந்த துண்டு பெரும்பாலும் இவற்றோடு சேராது, அனுப்பும்போதே அது வேறு அளவில் மறுபடி சுருக்கப்பட்டிருக்கும். அதற்காக எல்லாவற்றையும் எடிட்டரில் போட வேண்டாம். பொருந்தாத அந்த ஒரு துண்டை மட்டும் மற்றவற்றின் அமைப்புக்கு மாற்றி ஒட்டிப் பாருங்கள். அப்புறம் தையல் இடங்களை இரண்டு வேறு பிளேயர்களில் ஓட்டிப் பார்க்கும்வரை மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள்.