கத்தரிக்கோல் யார் கையில்?

வேலைக்கு விண்ணப்பித்திருந்த இளைஞர் ஒருவர், தம்மைப் பற்றி எழுதிய அரைப்பக்கத்தைத் திருத்தித் தரச் சொன்னார். ஐந்தாவது வரி: ‘ஐ கட் ஆஃப் மை ஃபேமிலி.’ ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

“வீட்டாரோடு சண்டையா?” என்று கேட்டேன்.

“ஐயோ, இல்லை சார். விடுதியில் தங்கிப் படித்தேன். பேசுவது குறைந்து குறைந்து, தொடர்பு விட்டுப்போனது. அவ்வளவுதான்.”

‘விட்டுப்போனது’ என்பதில் யார்மீதும் குற்றமில்லை. அவர் எழுதிய ஆங்கிலத்திலோ கத்தரிக்கோல் அவர் கையில் இருந்தது. குடும்பத்தை வேண்டுமென்றே அறுத்துக்கொண்டவர் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது என் தொழில். வினையோடு ‘ஆஃப்’, ‘அப்’, ‘அவுட்’ என ஏதாவது ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடும் ஃப்ரேசல் வெர்ப்களில் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போய்விடலாம். பிரிவையும் தனிமையையும் பற்றிய சொற்களில் மட்டும் அப்படிச் சிரிக்க முடியாது. அங்கே பழி இடம் மாறிவிடுகிறது.

தமிழில் இதை வினைக்குள்ளேயே முடித்துவிடுகிறோம். ஒதுங்கினாள், ஒதுக்கினார்கள், விலகினான், விலக்கினார்கள், பிரிந்தார்கள், பிரித்தார்கள். ஒரு மெய்யெழுத்து மாறினாலோ கூடினாலோ போதும், யார் செய்தது என்பது விளங்கிவிடும். ஆங்கிலத்தில் வினை அப்படியே நிற்க, பின்னால் வரும் குட்டிச்சொல் எந்த வகைப் பிரிவு என்பதைச் சொல்கிறது. நம்மவர்கள் வினையை மனப்பாடம் செய்துவிட்டுக் குட்டிச்சொல்லைக் குத்துமதிப்பாகப் போடுகிறார்கள்.

‘ஆஃப்’ வெட்டு. பழைய ஆங்கிலத்தில் இந்த ‘ஆஃப்’ (off) என்ற சொல்லும் ‘ஆஃப் தி’ (of the) என்பதில் வரும் ‘ஆஃப்’ (of) என்ற சொல்லும் ஒன்றுதான். அழுத்திச் சொன்ன வடிவம் பின்னாளில் தனிச்சொல்லாகிவிட்டது. பிரிவைச் சொல்லும் சொல்லே பிரிந்து வந்த சொல்! வெள்ளத்தில் சாலை மூழ்கி ஓர் ஊர் துண்டிக்கப்பட்டால் ‘கட் ஆஃப்’. தொலைபேசி பாதியில் அறுந்தாலும் அதுவே. பேசுபவரின் குரல் விட்டுவிட்டுக் கேட்டால் மட்டும் ‘யூ ஆர் பிரேக்கிங் அப்’.

அந்த ‘பிரேக் அப்’ மிகவும் பொல்லாதது. கூட்டுத் தொழிலை முடித்துக்கொண்ட ஒருவர், ‘மை பார்ட்னர் அண்ட் ஐ ப்ரோக் அப்’ என்று வாடிக்கையாளருக்கு எழுதினார். கணக்கு வழக்கு பற்றிய பதிலை எதிர்பார்த்தவருக்கு ஆறுதல் கடிதம் வந்தது. காதலர்கள் பிரிவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் வாடிக்கைச் சொல் அது. நிச்சயதார்த்தத்தையோ பேச்சுவார்த்தையையோ முறித்துக்கொண்டால் ‘பிரேக் ஆஃப்’. அங்கே அறுபடுவது ஏற்பாடு. ‘அப்’ வந்தால் பிரிவது ஆட்கள்.

இதற்குப் பயந்துகொண்டு ‘செபரேட்’ என்று பெரிய சொல்லாகப் போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. வேலைக்காக வீட்டைப் பிரிந்து வெளியூரில் இருக்கும் ஒருவர், ‘ஐ ஆம் செபரேட்டட்’ என்று நிறுத்திவிட்டால், மனைவியோடு வாழவில்லை என்றே பொருள். ‘ஐசொலேட்’ இன்னும் கனமானது. அதன் வேர் தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்.

அலுவலகத்தில் எல்லாரும் கூடிப் பேசும்போது உங்களை மட்டும் அழைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘ஐ ஃபீல் லெஃப்ட் அவுட்’ என்றால் மனவருத்தம். மறதியாகக்கூட இருக்கலாம் என்று எதிராளிக்கு இடம் விடுகிறீர்கள். ‘தே ஆர் ஷட்டிங் மீ அவுட்’ என்றால் குற்றச்சாட்டு. கதவைச் சாத்தியவர்கள் இன்னார் என்று விரல் நீட்டிவிட்டீர்கள். புகார் கடிதத்தில் இரண்டாவதை எழுதும் முன் கையில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்வேன். நாமே அறைக்குள் முடங்கினால் ‘ஷட் மைசெல்ஃப் அவே’. மனத்தைச் சாத்திக்கொண்டால் ‘குளோஸ் மைசெல்ஃப் ஆஃப்’.

தோழியோடு மனத்தாங்கல் என்றால் ‘ஃபெல் அவுட் வித் ஹெர்’. ‘ஐ ஃபெல் அபார்ட்’ என்று எழுதினால் நீங்கள் இடிந்துபோய்விட்டதாகப் பொருள்.

இலக்கணம் ஒன்றே ஒன்று: ‘ஷட் ஹிம் அவுட்’ என்பதுதான் சரி, ‘ஷட் அவுட் ஹிம்’ தவறு. ‘கட் ஆஃப்’ என்பதற்கும் இதே விதி. அவன், அவள், நான் என்று பிரதிப்பெயர் வந்தால் நடுவில் புகுந்து இரண்டையும் பிரித்துவிட வேண்டும்.

அந்த இளைஞருக்கு இரண்டு வாக்கியங்களை எழுதிக் காட்டினேன். ‘வி டிரிஃப்டட் அபார்ட்’: இரு பக்கமும் மெல்ல மெல்ல நகர்ந்தது, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ‘ஐ டிரிஃப்டட் அவே’: அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், நகர்ந்தது நான். எது வேண்டும் என்று கேட்டேன்.

பேனாவை உருட்டிக்கொண்டே சற்று நேரம் இருந்தார். “முதலில் அழைப்பதை நிறுத்தியது நான்தான் சார்” என்று சொல்லிவிட்டு, இரண்டாவதை எழுதினார்.